யாகப்புவின் ஐந்து புரியாணிகள்

எங்கள் தபால் கந்தோரில் யாகப்பு பதினொரு வருடம் தந்திப் பியோனாக இருந்தான். கந்தோருக்கு நேர் எதிரே என்னுடைய சுருட்டுக் கடை. ஆகவே யார் வீட்டுக்கு என்ன தந்தி போகிறது என்பது போஸ்ட்மாஸ்டருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். சில நாட்களில் அவருக்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். அது பொய்.

யாகப்பு இளவாலைப் பக்கத்து வேதக்காரன், கிறிஸ்தவன். நெடுவல், ஒல்லி, வாய் திறப்பது குறைவு. அந்தக் காலத்தில் தந்தி என்றால் பெரும்பாலும் மலாயாவிலிருந்து வரும். பாதிக்கு மேல் சாவுச் செய்தி. அவனுடைய சைக்கிள் மணி ஒழுங்கைக்குள் கேட்டால் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். தங்கள் படலையைத் தாண்டி அவன் போனபின்தான் மூச்சு விடுவார்கள். அப்படிப்பட்டவனை யார் கூப்பிட்டுவைத்துக் கதைப்பார்கள்? என் கடை மர வாங்கில் மட்டும் வந்து இருப்பான். அவனுக்கென்று இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். கடைசி வருடம் வரை ஒரு தந்தியும் அவன் கையில் பிந்தவில்லை.

“கெட்ட சேதியெண்டாலும் அது அவையின்ரை சேதி அண்ணை. என்ரை பையிக்கை கிடக்கக் கூடாது” என்று ஒருமுறை சொன்னான்.

அவனுடைய ஒன்பதாவது வருடத்தில் கந்தோருக்குப் புதுச் சைக்கிள் வந்தது. என்ன சைக்கிள் என்று சொல்லமாட்டேன். அதைப் பட்டினத்தில் விற்கிற முதலாளி என்னிடம் சுருட்டு வாங்குகிறவர். கறுப்பு நிறம், நல்ல பளபளப்பு, சங்கிலியை முழுக்க மூடி ஒரு தகரப் பெட்டி. வேட்டியில் எண்ணெய் படாமல் இருப்பதற்காம் அந்தப் பெட்டி. யாகப்பு போட்டிருந்ததோ முழங்காலுக்கு மேலே நிற்கிற காக்கிக் காற்சட்டை.

பழைய சைக்கிளில் சங்கிலி கழன்றால் ஒரு தடியால் தூக்கி மாட்டிவிட்டுப் போய்விடுவான். இதில் பெட்டியைத் திறக்கவேண்டும். பெட்டியை இறுக்கிப் பிடிக்க ஐந்து புரியாணிகள், திருகிப் பூட்டுகிற ஆணிகள். ஒவ்வொன்றும் பயற்றங்கொட்டை அளவு. அவற்றில் இரண்டு மிதிகட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சைக்கிளோடு வந்த ஸ்பனர் பின்சில்லு நட்டுக்குப் பெரிது, முன்சில்லு நட்டுக்குச் சிறிது. ஓட ஓடச் சங்கிலி தளரும். இறுக்குவதற்குச் சில்லைப் பின்னுக்கு இழுத்தால் பெட்டி இடிக்கும். பெட்டியை நகர்த்தினால் மட்காட் உரசும். இதைச் செய்தவன் கல்ரோட்டிலே ஒருநாளாவது குந்தியிருந்து பார்த்திருக்கமாட்டான். யாகப்பு மூன்று தடவை கந்தோருக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். வண்டியைத் துப்புரவாக வைத்திருக்கவும் என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இறந்த வருடம், ஆனி மாதம். கந்தோரிலிருந்து நான்கு மைலில், வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில் பூரணம் என்ற அம்மாவின் வீடு. அன்று அவருடைய ஒரே மகள் குணலட்சுமிக்குக் கலியாணம். பூரணத்தின் கணவர் மலாயாவிலே ஈப்போவில் றெயில்வே கிளாக்கர். லீவு கிடைக்காததால் மகளின் கலியாணத்துக்கு வரவில்லை. காலை ஒன்பது இருபதுக்கு வந்த தந்தி, அவர் முதல்நாள் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றது.

அந்த வீட்டில் கலியாணம் என்பது எனக்குத் தெரியும். யாகப்புவுக்குத் தெரியாது. நான் கடையை விட்டு இறங்கி விஷயத்தைச் சொல்வதற்குள் அவன் சந்தி திரும்பிவிட்டான்.

இரண்டாவது மைலில் பெட்டியின் புரியாணி ஒன்று தானாகக் கழன்று உள்ளே விழுந்து, சங்கிலிக்கும் பற்சில்லுக்கும் நடுவிலே சிக்கிக்கொண்டது. மிதிகட்டை அசையவில்லை. அவன் பனைநிழலில் குந்தினான். பேனாக்கத்தியால் முதல் புரியாணி சுகமாகக் கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவதில் கத்தி நுனி உடைந்தது. ஒரு சதக் காசைக் கல்லில் தேய்த்து மெல்லிதாக்கி அதையும் கழற்றினான். கடைசி ஒன்று, மிதிகட்டைக்குப் பின்னால் இருந்தது. அது வந்துவிடும், வந்துவிடும் என்று இருந்தானே தவிர, அது வரவில்லை. கடைசியில் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மிச்சத் தூரத்தை ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவன் படலைக்குப் போனபோது நேரம் பதினொன்று கடந்துவிட்டது. தாலி கட்டி முடிந்து, சனம் அறுகரிசி தூவி வாழ்த்திக்கொண்டிருந்தது. பந்தலைக் கண்ட பிறகுதான் அது கலியாண வீடு என்று அவனுக்குத் தெரிந்ததாம். தந்தியை வாங்கியது பூரணத்தின் தமையன் சிவசுப்பிரமணியம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சட்டம்பியார். இங்கிலீசு வாசிப்பார். வாசித்தார். தந்தி வந்த நேரத்தையும் பார்த்தார். பிறகு யாகப்புவைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தோளைப் பிடித்தார்.

“நீ மனிசன், தம்பி.”

“இல்லை ஐயா, சங்கிலி சிக்கி...”

“ஓம், ஓம். சங்கிலிதான். ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு.”

சாவுச் செய்தி காதில் விழுந்தால் துடக்கு, அந்தத் தீட்டோடு நல்ல காரியம் செய்யமாட்டார்கள். கலியாணம் நின்றிருக்கும். நின்ற கலியாணம் பிறகு நடக்கும் என்பது நிச்சயமில்லை. ஆகவே பியோன் தந்தியை மடியில் வைத்துக்கொண்டு தாலி ஏறும்வரை வழியில் நின்றான், தங்கமான பிள்ளை என்று சட்டம்பியார் ஊரெல்லாம் சொன்னார். அது என் கடைக்கும் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். “யாகப்புவின்ரை சங்கிலி பஞ்சாங்கம் பாத்துத்தான் கழரும்” என்று ஒரு பகிடி விட்டேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மறுநாள் அது மருதனார்மடம் சந்தையில் கேட்டதாம். ஒரு கிழமைக்குள் கலியாணம் வைத்திருந்த வேறு வீட்டுக்காரர் வாழைப்பழச் சீப்போடு யாகப்புவிடம் வந்து, எங்கள் பக்கத்துக்கு ஏதும் வந்தால் கொஞ்சம் பாத்துக்கொள்ளு தம்பி என்று குசுகுசுத்தார்கள். அவன் பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரே கடையில் இருந்த என்னைப் பார்த்தான். திட்டவில்லை. அன்றிலிருந்து வாங்கில் வந்து இருப்பதை மட்டும் விட்டுவிட்டான்.

இந்தக் கதையெல்லாம் பூரணத்தின் காதுக்கும் போனது. வெள்ளைச் சீலையோடு முற்றத்துக்கு வந்து, அயலட்டை கேட்கச் சொன்னாராம்:

“என்ரை மனிசன் அங்கை பிரேதமாக் கிடக்க, நான் இஞ்சை பூவும் பொட்டுமா நிண்டு பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தன். அதைத் தீர்மானிக்க உவன் ஆர்?”

பூரணத்தின் முறைப்பாட்டு மனு, பெட்டிசம், கொழும்புக்குப் போனது. ஆவணியில் விசாரணைக்கு ஒரு துரை வந்தார். யாகப்பு ஐந்து புரியாணிகளின் கதையையும் சொன்னான். அவன் முன்னர் எழுதிய மூன்று முறைப்பாடுகளையும் துரை மேசையில் விரித்து, சாட்டுச் சொல்லித் தப்ப இவன் இரண்டு வருடமாக ஆயத்தம் செய்திருக்கிறான் என்றார். பிறகு சட்டம்பியார் எழுந்தார். யாகப்புவுக்கு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு, இவன் தந்தியை மறித்தது இரக்கத்தினால் மட்டுமே, தண்டிக்கவேண்டாம் என்று இங்கிலீசில் மன்றாடினார். அதோடு முடிந்தது. வேலை போனது.

அங்கே கலியாணம் என்பதே யாகப்புவுக்குத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான். அவன் எதிரே கடையில் இருந்து சுருட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் ரோட்டைக் கடந்து போகவில்லை. போனால் என் பகிடிக்கு நானே கணக்குச் சொல்லவேண்டி வரும் என்ற வெட்கம்.

சீருடையைக் கொடுத்துவிட்டு யாகப்பு நடந்தே பூரணத்தின் வீட்டுக்குப் போனான். பெட்டிசத்தைப் பற்றிக் கதைக்கப் போகவில்லை. தான் எந்தத் தந்தியையும் மறிக்கவில்லை என்று ஒரு ஆளாவது நம்பவேண்டும் என்றுதான் போனான். அவர் படலைக்கு உள்ளேயும் இவன் வெளியேயும் நின்றார்களாம்.

“வேணுமெண்டு பிந்தேல்லை அம்மா. நாலு ஆணி கழண்டிட்டுது. இன்னும் ஒண்டுதானே எண்டு இருந்திட்டன்.”

“எவ்வளவு நேரம் இருந்தனி?”

“முக்கால் மணித்தியாலத்துக்கு மேலை.”

“எவ்வளவு தூரத்திலை?”

“ரண்டு மைல்.”

“அப்ப நடந்து வந்திருந்தா, தாலி கட்ட முதல் வந்திருப்பாய்.”

“ஓம் அம்மா.”

“உன்னை நம்புறன்” என்றாராம் பூரணம். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, “அப்ப ஒருத்தரும் எங்களுக்கு இரக்கப்படவும் இல்லை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரம் யாகப்பு என் கடைக்கு வந்தான். நான் வாங்கைத் துடைத்துவிட்டேன். அவன் இருக்கவில்லை. நின்றபடியே இதையெல்லாம் சொன்னான். அவர் நம்பினாரே, அது நல்லதுதானே என்று நான் கேட்டேன்.

“நம்பாமல் இருந்திருக்கலாம் அண்ணை. அவவுக்குத் திட்டுறதுக்காவது ஒரு ஆள் இருந்திருக்கும்.”

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இளவாலை ரோட்டால் நடந்தான். அதே நேரம் கந்தோர் வாசலில் புதுப் பியோன் சைக்கிளைச் சரித்துவைத்து, பெட்டியை எப்படித் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.