கார்கானா ஸ்டாப்பில் இறங்கியவள்

ரமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் அனுபமாவுக்குத் திருச்சியில் கல்லூரி இடம் கிடைத்த நாளிலிருந்தே இப்படித்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பீரோவைத் திறப்பாள். எதற்குத் திறந்தோம் என்று நிற்பாள். பால் பொங்கி வழியும். சிகந்திராபாத் பக்கம் பாலாநகர் தொழிற்சாலையில் இருபது வருடமாகச் சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிக்கிற பெண்மணி. அங்கே ஒரு பழுதும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில்தான் இந்தக் கூத்து.

இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படித்த இரண்டு வருடமும் அனு படிக்க மட்டும் செய்தாள். மற்றதெல்லாம் ரமா செய்தாள். விடியுமுன் எழுப்பினாள், தலை பின்னிவிட்டாள். அனு கெமிஸ்ட்ரி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறக்க, இட்லியை ஊட்டிவிட்டாள். சொந்தத்தில் கல்யாணமா? நக்கோ, போகவே கூடாது. டிவியா? பரணுக்குப் போயிற்று. காலேஜ் பஸ் வாசலில் வந்து அள்ளிக்கொண்டு போகும், வாசலிலேயே இறக்கிவிடும். ரேங்க் நன்றாகத்தான் வந்தது, அதில் குறையில்லை. ஆனால் பெண் தனியாகச் சிட்டி பஸ் ஏறியதில்லை, ஒரு கர்சீப் துவைத்ததில்லை. பரீட்சை முடிந்த பிறகும் பழக்கதோஷத்தில் விடியுமுன் எழுந்து, காலி மேஜை முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பாள். ஒருநாள் திடீரென்று, "அம்மா, நான் திருச்சி போகலை. இங்கேயே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கறேன்" என்றாள்.

ரமாவுக்குப் பகீரென்றது. இத்தனை பாடும் வீணா? ஊர் உலகம் தெரியாத பயம், வேறென்ன என்று தானே முடிவுகட்டிப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். குக்கர், துணி சோப்பு, ஊசி நூல் என்று இரண்டு வருடம் தொடவிடாததை எல்லாம் இரண்டே வாரத்தில் திணித்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, "திருமுல்கேரியில ஏறி சிகந்திராபாத் ஸ்டேஷன் வரைக்கும் தனியா போயிட்டு வா. அப்புறம் சொல்லு, போகலைன்னு" என்று அனுப்பினாள்.

அனு கேட்டைத் தாண்டியதும் ரமா செருப்பை மாட்டினாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் கணவர் சுந்தரேசன்.

"கொத்தமல்லி வாங்கத்தான்."

"பை எங்கே?"

அதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமேது?

அனு பஸ்ஸின் முன்வாசலில் ஏறினாள். ரமா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாசலில் ஏறி, ஆண்கள் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டாள். இருபது வருடமாகத் தொழிற்சாலை பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறியறியாத மகராசி. பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டதோடு சரி.

"ஆதார் சூபிஞ்சண்டி அம்மா" என்று தெலுங்கில் கேட்டார் கண்டக்டர்.

கார்டைக் காட்டினால்தான் இலவசமாம், இல்லாவிட்டால் டிக்கெட் எடுக்க வேண்டுமாம். ரமா இடுப்பைத் தடவினாள். கார்டும் பர்ஸும் போனும் வீட்டில். கண்டக்டர் குரல் உயர, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அனுவும் பார்த்தாள்.

ரமா திருதிருவென்று விழித்தாள். அனு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மா அம்மண்டி" என்று சொல்லி டிக்கெட் எடுத்தாள். பாக்கிச் சில்லறையைக் கேட்டு வாங்கவும் மறக்கவில்லை.

"கைக்கும்மா, எதுக்கு இதெல்லாம்?"

"நீ பயப்படறியேன்னுதான்டி..."

"எனக்கு பஸ்னா பயமா? உன்னை நினைச்சாத்தான் பயம்." அனுவின் கண் கலங்கிவிட்டது. "வீக்லி டெஸ்ட்ல ரெண்டு மார்க் குறைஞ்சாலே நீ அன்னிக்கு சாப்பிடமாட்டே. அங்கே போய் ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆனா என்ன பண்ணுவே? இங்கேயே இருந்தா உன்னைச் சாப்பிடவாவது வைக்கலாம்."

ரமாவுக்குச் சுருக்கென்றது. சாப்பிடாததைப் பெண் கவனித்திருக்கிறாள் என்பதே இவளுக்குத் தெரியாது. புத்தகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்! பஸ் கார்கானா ஸ்டாப்பில் நின்றது.

"நான் இறங்கறேன்" என்றாள்.

"உனக்குத் திரும்பிவர பஸ் தெரியாதேம்மா!"

"கேட்டுக்கறேன். வாய் இருக்குல்ல?"

அனு அந்தச் சில்லறையை அவள் கையில் திணித்தாள். பஸ் கிளம்பியதும் ரமாவின் கால் அதன் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தது. இழுத்துப் பிடித்து நின்றாள். பிறகு சாலையைக் கடந்து, நாலு பேரைக் கேட்டு, ஒரு தடவை தப்பு பஸ்ஸில் ஏறி இறங்கி, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தாள்.

மத்தியானம் ஆயிற்று. அனு வரவில்லை. "போன் பண்ணட்டுமா?" என்று சுந்தரேசனே கேட்டார். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வாசலுக்கும் கூடத்துக்குமாகப் பத்து நடை நடந்தாள். பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்து ஒவ்வொரு வாயாகத் தள்ளினாள்.

கதவு திறந்தது. அனு வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தாள். ரமா எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் தாமதம் என்றும் கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.

அனு அம்மாவையும் பாதி காலியான தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நம்ம பெரிய சூட்கேஸ் பரண்ல இருக்குல்ல? இறக்கிக் குடுங்க."