தட்டில் இரண்டு கண்கள்

சுவிஸில் சோலோதுர்ன் நகருக்கு அருகே ஒரு பழைய கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். நெற்றியில் திருநீறு. அடிக்கடி வலக்கண்ணைப் பொத்தி, இடக்கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறதென்று பார்த்துக்கொள்வார். மறுநாள் அந்தக் கண்ணுக்கு ஒப்பரேசன்.

பீடத்தின் ஓரத்தில் புனித லூசியா, தட்டொன்றில் இரண்டு கண்களை ஏந்தி நின்றாள்.

“பாத்தீங்களே தம்பி, இவவுக்கும் கண்மலர் நேர்ந்து வைச்சிருக்கினம்” என்றபடி, கண் சுகப்பட நேர்ந்திருந்த தன் வெள்ளிக் கண்மலரைக் கைப்பையிலிருந்து எடுத்தார்.

“நேர்த்தி இல்லை அம்மா. அது அவவின்ர சொந்தக் கண். கொடியவங்கள் பிடுங்கினது.”

அவர் சிலையை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப கண் நோவு தெரிஞ்சவ. இவவிட்டைத்தான் குடுக்கப் போறன்.”

தட்டு எட்டவில்லை. பாதத்தில் வைத்தார்.

“நாளைக்கு எனக்குப் பக்கத்தில வந்து நில், பிள்ளை” என்றார் சிலையிடம்.

எத்தனையோ வருடம் கும்பிட்ட புனிதையை, ஒரு பிள்ளையாக நான் நினைத்ததேயில்லை.