இரண்டே இரண்டு ஸ்குரூ

வாகனச் சாமான் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனைச் சனம் மெக்கானிக் என்று நினைக்கிறது, மெக்கானிக்கோ அவனை ஒன்றும் தெரியாதவன் என்று நினைக்கிறார். என் விஷயத்தில் மெக்கானிக் நினைத்ததுதான் சரி.

மருந்துக்கடையில் நின்று காய்ச்சலுக்கு வழி சொல்கிறவர்களே, சீலைக்கடையில் நின்று சாயம் போகாது என்று சத்தியம் செய்கிறவர்களே, நீங்கள் எல்லோரும் என் இனம். உடுக்காத சீலைக்கும் செய்யாத வேலைக்கும் உத்தரவாதம் கொடுத்தே நம் காலம் போகிறது. பரந்தனில் பதினொரு வருடமாக நான் கொடுத்து வந்த உத்தரவாதம் அல்டர்னேற்றர் ரெகுலேற்றர் பற்றியது. எஞ்சின் ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுவது அல்டர்னேற்றர். அதன் முதுகில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு ரெகுலேற்றர் இருக்கும். எவ்வளவு ஏற்றலாம் என்று அளவு பார்ப்பது அதன் வேலை. அது பழுதானால் டாஷ்போர்டில் பற்றரி லைட் சிவப்பாக எரியும், சனம் என்னிடம் வரும்.

"கராஜுக்கு ஏன் போறியள்? நீங்களே மாத்தலாம். பற்றரி வயரைக் கழட்டுங்கோ, பிறகு ரெண்டு ஸ்குரூ, ஒரு வயர். அவ்வளவுதான்!" என்பேன். பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான் முதல்முறை அப்படிச் சொன்னேன். அதன்பிறகு நாக்கு தானாகவே சொல்லப் பழகிவிட்டது. நான் ஒரு அல்டர்னேற்றரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கும் கடைச் சுவரில் ஓடும் பல்லிக்கும் மட்டுமே தெரியும்.

மிஞ்சிய ஸ்குரூ

செல்லத்துரை அண்ணைக்குப் பரந்தனில்தான் வயல். எதையும் இரண்டுமுறை அளந்து பார்க்கிற மனுசன். ரெகுலேற்றர் வாங்கிப்போய், அடுத்த நாளே திரும்பி வந்தார். சேட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்து, கவுண்டரில் பக்குவமாக விரித்தார். உள்ளே ஒரு ஸ்குரூ.

கார் ஓடுகிறதா என்று கேட்டேன். நன்றாக ஓடுகிறதாம். லைட்? அதுவும் சரியாம். பிறகு என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நீர் ரெண்டெண்டு சொன்னீர் தம்பி. நான் மூண்டு கழட்டினன், ரெண்டு பூட்டினன். நீர் சொன்னது சரி, காரைச் செய்தவங்கள்தான் ஒண்டைக் கூடப் போட்டிட்டாங்கள்."

அலுமாரியில் ஒரு பல்ப்

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். அவருடைய காரிலும் சிவப்பு லைட். புதுச் சாமானைக் கொடுக்கும்போது, கொழும்பிலிருந்து வந்த விற்பனைப் பிரதிநிதி எனக்குச் சொல்லித்தந்த சோதனையையும் நான் சேர்த்துச் சொன்னேன். திறப்பைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் பார்க்க வேண்டும். அப்போது லைட் எரிய வேண்டும். ஸ்டார்ட் பண்ணியதும் அணைய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வேலை சரி. முதலில் எரியவே இல்லையென்றால் உள்ளே எங்கோ தொடுப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். ஒரு கிழமை கழித்துக் கோயிலடியில் கண்டபோது, மாற்றிவிட்டீர்களா என்று விசாரித்தேன். முகம் மலர்ந்துபோய்ச் சொன்னார்: "மாத்தேல்லைத் தம்பி. அந்தப் பல்பைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன். இப்ப மனதுக்கு நல்ல நிம்மதி."

சுவரில் ஒரு பலகை

எங்கள் கடைச் சுவரில், 'மின்சாரச் சாமான்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குத் தலைவணங்காத ஒரே வாடிக்கையாளர் மல்லிகா அக்கா. அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து துணுக்காயில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அக்கா அங்கே கத்தரி, பயற்றை பயிரிட்டு, தன் சின்ன லொறியில் தானே ஓட்டிக்கொண்டு வந்து கிளிநொச்சிச் சந்தையில் போடுகிறார். லொறியின் சின்னச் சின்னப் பழுதையெல்லாம் பார்ப்பதும் அவரேதான்.

போன மாதம் ஒரு ரெகுலேற்றர் வாங்கிப்போனார். என் காருக்கும் அவருடைய லொறிக்கும் ஒரே நம்பர்ச் சாமான்தான் என்று நான் அன்று பெருமையாகச் சொன்னது ஞாபகம். மூன்றாம் நாள் பெட்டி உடைக்காமல் கொண்டுவந்தார். பழுது வேறெங்கோ, ஒரு வயர் தளர்ந்திருந்ததாம். நான் பலகையைக் காட்டினேன். அவர் அதை எழுத்துக்கூட்டி ஒருமுறை உரக்க வாசித்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "சரிங்க தம்பி, இது என் லொறிலயே கெடக்கட்டும். இதப் பாக்குறப்பல்லாம் உங்க மொகம் ஞாபகம் வரும்."

என் முறை

இதற்குள் சிவப்பு லைட் என் காரிலேயே எரிந்தது. அதுவும் எப்போது? என் மனைவி சுகந்தி எட்டு வருடம் தொண்டர் ஆசிரியை. பாடம் உண்டு, பரீட்சை உண்டு, விளையாட்டுப் போட்டி உண்டு, நியமனம் மட்டும் இல்லை. நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வவுனியாவில். வயதெல்லைப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. லைட் எரிந்தது சனிக்கிழமை பின்னேரம்.

"நான் பஸ்ஸிலையே போறன்" என்றாள். ஊருக்கெல்லாம் வழி சொன்னவன் மனுசியைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் கடையில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பது? ஞாயிற்றுக்கிழமை ஒரு ரெகுலேற்றரோடு பொனற்றுக்குள் தலையை விட்டேன். பற்றரி வயரைக் கழட்டினேன். ஸ்குரூவும் இரண்டேதான் இருந்தது, மகிழ்ச்சி. ஆனால் புதுச் சாமானில், மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு காபன் துண்டுகள் ஸ்பிரிங்கில் துருத்திக்கொண்டு நின்றன. அவை வழிவிடாமல் அது உள்ளே போகமாட்டேன் என்றது. பெட்டிப் படத்தில் இதைப் பற்றி ஒன்றுமில்லை. நான் பலமாக அமத்தினேன். டக் என்று ஒரு சத்தம். இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். லைட் இல்லை! குசினியில் நின்றவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அது எரிந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சுகந்தி டாஷ்போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்: "லைட் அணைஞ்சிட்டுது, சரி. ரெண்டு ஸ்குரூவுக்கு ஏன் இப்பிடி வேர்த்துப்போய் நிக்கிறியள்?"

பிள்ளையார் எல்லோரையும் நிறுத்துவார்

விடியப் புறப்பட்டோம். இருட்டுக்கு லைட், தூறலுக்கு வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு ஓடினேன். கிளிநொச்சி தாண்டியதும் வைப்பர் சோம்பலாக அசைந்தது. ஹோர்ன் அடித்தால், தொண்டை கட்டிய ஆள் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம். தூறலில் நனைந்திருக்கும் என்று சுகந்தியிடம் சமாளித்தேன், கோழைதான் நான்.

அந்த வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிற்காமல் போவதில்லை. நானும் நிறுத்தினேன், பழகிய கை திறப்பையும் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டது. தேங்காய் உடைத்தோம், ஊதுபத்தி கொளுத்தினோம், கச்சான் கடலை வாங்கினோம். வந்து ஸ்டார்ட் பண்ணினால் டிக் என்று ஒரு சத்தம்தான். மறுபடி திறப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒயில் லைட் மங்கலாக எரிந்தது, பற்றரி லைட் எரியவே இல்லை. அந்த டக் சத்தம் எதனுடையது என்று அப்போதுதான் விளங்கியது. காபன் ஒன்றை உடைத்திருக்கிறேன்! நேற்றிலிருந்து ஒரு துளி மின்சாரமும் ஏறவில்லை. தபாலதிபராவது பல்பைக் கழட்டி நிம்மதி தேடினார்; நான் கழட்டாமலே அந்த நிம்மதியோடு ஒரு இரவு தூங்கியிருக்கிறேன்.

நல்லவேளை, பிள்ளையார் பஸ்ஸையும் நிறுத்துவார். வவுனியா பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. சுகந்தி கைப்பையோடு ஓடிப்போய் ஏறினாள். படியில் நின்று, பஸ்ஸில் இருந்த சனம் எல்லாம் கேட்கச் சொன்னாள்: "நீங்கள் அந்த ரெண்டு ஸ்குரூவையும் பார்த்துக்கொண்டு ஆறுதலா வாங்கோ!"

குச்சி

பஸ் மறைந்து ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. அழுகைக்குரல். சேர்டிபிக்கற் பைல் பின் சீட்டில்! மூலப் பிரதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த பஸ் எப்போது என்று கச்சான் விற்கும் அம்மாவிடம் கேட்டேன். எட்டு மணியாகும் என்றார். அதில் போனால் ஒன்பதுக்குள் சேர முடியாது. எட்டு வருடம் அவள் சுமந்ததை என் வாய்வீச்சு தின்றுவிட்டதே என்று பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்தில் கத்தரிக்காய் மூட்டைகளோடு ஒரு சின்ன லொறி வந்து நின்றது. மல்லிகா அக்கா பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப, நான் நின்ற கோலம் கண்ணில் பட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் லொறியைத் திறந்து, அந்தப் பெட்டியை எடுத்துவந்தார். நான் திருப்பி எடுக்காத அதே பெட்டி. "ஒரு ஊதுபத்திக் குச்சி குடுங்க, கொளுத்தாதது" என்றார்.

நான் உடைத்ததைக் கழட்டிவிட்டு, புதியதின் காபன் இரண்டையும் விரலால் மெல்ல உள்ளே தள்ளி, ரெகுலேற்றரில் இருந்த சின்னத் துளைக்குள் குச்சியைச் செருகினார். காபன் அப்படியே அடங்கி நின்றது. சாமானை இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் குச்சியை இழுத்தார். அவ்வளவுதான்! லொறிப் பற்றரியிலிருந்து வயர் கொடுத்தார். திறப்பைத் திருப்ப லைட் எரிந்தது, ஸ்டார்ட் பண்ண அணைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் குச்சி வேலைய நீங்க சொல்லவே இல்லையே. முன்னாடி ஒன்னு மாத்துனப்ப நானும் காபன ஒடச்சுத்தான் கத்துக்கிட்டேன். நீங்க எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தான் அக்கா" என்றேன். இதுவரை ஒன்றுகூட மாற்றியதில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்: "அப்போ பதினோரு வருசமா எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாருங்க தம்பி?"

வாசலில்

எட்டு நாற்பதுக்கு வவுனியாவில் அந்த அலுவலக வாசலில் நின்றேன். சுகந்தி பைலைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் எஞ்சினை அணைக்கத் துணியவில்லை. அவள் வரும்வரை இரண்டு மணித்தியாலம் கார் உறுமிக்கொண்டே நின்றது, காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பு. பிள்ளைகள் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். "தெரியாது எண்டு ஒத்துக்கொண்டு, படிச்சுப்போட்டு வந்து சொல்லிக் குடுப்பன் எண்டு சொன்னனான். உங்களை நினைச்சுக்கொண்டுதான் சொன்னனான்."

திருப்பி எடுப்பதில்லை

நியமனக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் துணுக்காய்ப் பக்கம். இப்போது தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், அதுதான் நிச்சயமாம். கடிதம் வந்த கிழமையே மல்லிகா அக்கா கடைக்கு வந்தார். புது ரெகுலேற்றர் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. சுவரில் இருந்த பலகையை விரலால் காட்டினார்: "நானும் மின்சாரச் சாமான் திருப்பி எடுக்குறதில்லைங்க தம்பி."

இப்போதும் ரெண்டு ஸ்குரூ, ஒரு வயர் என்றுதான் தொடங்குகிறேன், ஆனால் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு ஊதுபத்திக் குச்சியைச் சேர்த்துக் கொடுப்பதால், எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பரந்தனில் பேசிக்கொள்கிறார்கள்.