சுவர் ஓரத்து இடம்

இது கட்டுக்கதை இல்லை. என் அக்காவுக்கு நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அக்காவுக்குச் சுத்தமாக இல்லை.

அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரியில் அல்ல, வெளியே வரமுடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வேலை. தோளில் கனமான பை, நாள் முழுக்கப் படிக்கட்டு. "லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பாத்துத்தான் ஆளுங்க படுத்த படுக்கையாகுறாங்க" என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள். கோபக்காரி. அலுவலகத்தில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால், "எங்க சூப்பர்வைசரை நீங்க பாத்ததில்லையே" என்று முடித்துவிடுவாள்.

அவளை உண்மையில் தூங்கவிடாதது ஒன்றுதான். ஆறாத புண்.

அப்படி ஒரு புண் அவள் பார்க்கப் போன ஒரு வீட்டு அம்மாவுக்கு இருந்தது. எழுபது வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். மகன் வெளியூரில் வேலை, எப்போதாவது வருவான். பார்த்துக்கொள்வது மருமகள் ஒருத்திதான். ஒல்லியான, சத்தமில்லாத பெண்.

புண் வலது இடுப்பில். படுக்கைப் புண். ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் தோல் செத்துப்போய் உள்ளே குழி விழும். வைத்தியம் ரொம்ப எளிது. அந்தப் பக்கம் படுக்க விடக்கூடாது. அக்கா ஒவ்வொரு முறையும் புண்ணைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, அந்த அம்மாவை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்துவிட்டு வருவாள்.

அடுத்த முறை போனால் வலது பக்கம்தான் கிடப்பார்.

அதுவும் எப்படி... கட்டில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அந்த அம்மா கட்டிலின் வெளி விளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரி, சுவரைப் பார்த்துக் கிடப்பார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாக இருக்கும். இடது கையை அந்தக் காலி இடத்தில் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்திருப்பார். எதையோ தள்ளிப் பிடித்திருப்பது போல.

தலையணைகள் கால்மாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

"நீங்க திருப்பிப் போடறதே இல்லையா?" என்று அக்கா மருமகளிடம் கேட்டாள்.

"போடறேன் சிஸ்டர். சமையல்கட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள இப்படி இருக்காங்க."

"வாதம் வந்தவங்க தானா எப்படிம்மா திரும்புவாங்க?"

மருமகள் குனிந்து கால்மாட்டுத் தலையணைகளை எடுத்தாள். அதுதான் அக்காவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. பொய் சொல்கிறாள், சோம்பேறி, மாமியார்மேல் பழைய கோபம் ஏதோ இருக்கிறது என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாமலிருக்க, மோட்டாரில் ஓடுகிற காற்று மெத்தை வரவழைத்துப் போட்டாள். புண் இன்னும் ஆழமானது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இவ்வளவு நாளா என்னதான் பண்ணிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா அன்றைக்கு வீட்டில் பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில் ஒரு மூடி நசுங்கியது.

கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று ஒரு நாள் மத்தியானம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கடைக்குப் போகணும்னா போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்" என்று மருமகளை வெளியே அனுப்பினாள். வாசல் கதவை உள்ளே தாழ் போட்டாள். அந்த அம்மாவை இடது பக்கம் திருப்பினாள். முதுகுக்கு மூன்று தலையணை. முகம் இப்போது அறையைப் பார்த்து இருந்தது. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. கீழே யாரோ வண்டி துடைக்கும் சத்தம். காற்று மெத்தையின் மோட்டார் உர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. பார்த்தாயா, மருமகள் இல்லையென்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனாள். குளியலறை அடுத்த கதவுதான். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, மூடினாள். அவ்வளவு நேரம்தான்.

திரும்பி வந்தாள்.

தலையணைகள் கால்மாட்டில் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்த அம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

அக்கா வாசலுக்கு ஓடினாள். தாழ் போட்டபடியே இருந்தது. சமையலறை, கட்டிலுக்கு அடி, அலமாரிக்குப் பின்னால்... யாரும் இல்லை. அவளுக்கு அப்போதும் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பயப்படத் தெரியாதவர்களுக்கு அதுதான் முதலில் வரும் போலிருக்கிறது.

"அம்மா, உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்று மறுபடி தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

இடது கை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அத்தனை பலம். அந்த அம்மா அவளையே பார்த்தார். உதடு கோணி, கோணி...

"வே...ணாம்."

வாதம் வந்த பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் சொல்.

மோட்டார் சத்தம் மாறியது. உர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது இப்போது முக்கி முனகியது. மெத்தையில் பாரம் கூடினால் அப்படித்தான் முனகும்.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

சுவர் ஓரத்தில் மெத்தை அழுந்தியிருந்தது. தோள் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குக் கீழே இடுப்பு அளவுக்கு ஒன்று.

குழாய் மடங்கியிருக்கும். காற்று இறங்கியிருக்கும். அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கையை நீட்டி அந்தப் பள்ளத்தில் வைத்தாள்.

சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி...

இல்லை.

எழுந்து போகவில்லை.

அவள் கைக்கு அடியில் பள்ளம் மெல்ல நகர்ந்தது. சுவரை ஒட்டி ஒதுங்கியது. படுத்திருக்கிற ஆள் இன்னொருவருக்கு இடம் விடுகிற மாதிரி.

வா.

படு.

அழைப்பு மணி அடித்தது. அக்கா கையை இழுத்துக்கொண்டாள். வாசலில் மருமகள், கையில் பை. "என்ன சிஸ்டர், வேர்த்துக் கொட்டுது?"

"உங்க வீட்டுல காத்தே வரலை" என்றாள் அக்கா.

அதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? மெத்தையில் பள்ளம் விழுந்தது என்றா? மெத்தை பழுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாளே சூப்பர்வைசர் அறைக்குப் போய் நின்றாள். வீட்டில் வைத்துப் பார்க்கமுடியாது, புண் எலும்பைத் தொட்டுவிடும் என்று கத்தினாள். கெஞ்சினாள். கடைசியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அந்த அம்மாவுக்கு இடம் கிடைத்தது.

கூட்டிப்போக வந்த அன்று அந்த அம்மா கட்டில் கம்பியை விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கம்பியை விட்ட கை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டது. மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தனை பாசம் இருக்கும்னு தெரியாது சிஸ்டர்" என்றாள்.

ஆனால் அந்த அம்மா மருமகளைப் பார்க்கவில்லை. மருமகளுக்குப் பின்னால், அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே போனபின் புண் மளமளவென்று ஆறியது. இடது பக்கம் படுக்கவைத்தால் இடது பக்கமே இருந்தார். குழி நிரம்பிப் புதுத் தோல் வந்தது. வீட்டிலிருந்த கட்டிலையும் காற்று மெத்தையையும் ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அலுவலகத்தில் ஒருவரை விடாமல் சொல்லிக் காட்டினாள்.

அந்த வருஷக் கடைசியில் அதே வீட்டுக்கு மறுபடி போகச் சொன்னார்கள். படுக்கைப் புண், வலது இடுப்பு. அந்த அம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்து மறுபடி கெடுத்துவிட்டார்கள் என்று அக்கா திட்டிக்கொண்டே படியேறினாள்.

மகன் கதவைத் திறந்தான்.

"அம்மா எங்க?"

"அம்மா அங்கயேதான் இருக்காங்க சிஸ்டர். நல்லா இருக்காங்க. இவளைத்தான் பாக்கணும்."

அறைக்குள்ளிருந்து மருமகள் நடந்து வந்தாள். நடந்து. முப்பத்தைந்து வயதுக்காரி, கை கால் எல்லாம் திடமாக, வீட்டு வேலை முழுதும் செய்கிறவள். அக்கா ஆடையை விலக்கிப் பார்த்தாள். வலது இடுப்பில் ஓரம் கறுத்து, நடுவில் குழி. எத்தனை வருஷமாகப் பார்க்கிற புண். எழுந்து நடமாடுகிற ஆளுக்கு இது வராது. தூக்கத்தில் நாம் எல்லோரும் புரண்டு படுக்கிறோம். டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்களாம்.

"நீங்க எங்க படுக்கறீங்க?"

"அத்தை ரூம்லதான். அவங்க போனப்புறம் எங்க பெரிய கட்டிலை அங்க போட்டுட்டோம்."

"வலது பக்கமாவேவா படுக்கறீங்க? கொஞ்சம் திரும்பிப் படுத்தா என்னம்மா?"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"திரும்ப முடியலை சிஸ்டர். இடம் இல்ல."

"ஏன், இவர் பக்கத்துல படுக்கறாரா?"

"நான் ஊர்லேர்ந்து வந்தாலும் ஹால்லதான் படுப்பேன்" என்றான் மகன். "அவ தனியாத்தான் படுக்கறா."

அந்த மருமகளைப் பார்க்க அக்கா இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். கட்டிலை வெளியே போடச் சொன்னாள், போட்டார்கள். வீட்டையே மாற்றச் சொன்னாள், மாற்றினார்கள்.

புண் ஆறவில்லை.