சுவருக்கு அந்தப் பக்கம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பிராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஒரு காம்பிராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கொத்தமல்லி கொதிக்கும். எந்த வீட்டிலாவது சண்டை முற்றிக் கை ஓங்கும் சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் விறகுக் கட்டையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அர்த்தம். அதற்கும் அடங்காவிட்டால் ஆள் வந்து வாசலில் நிற்கும். பெரும்பாலும் வர வேண்டியிருக்காது. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் இரண்டு வீட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த அந்தத் தட்டுக்கு என்ன வேலை என்பது எனக்குப் புரியவில்லை. புரியாமல் நான் சொன்ன ஒரு வார்த்தையில் என் அக்கா மாட்டிக்கொண்டாள்.

எழுபதுகளின் கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆள் நான்தான். தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. உளவியலில் முதல் தவணைப் பாடம் ஆளுமைப் பண்புகள். மனிதருக்குள் சில குணங்கள் ஊறிப் போயிருக்கின்றன, கோபக்காரர் எங்கே போனாலும் கோபக்காரர், சாந்தமானவர் எங்கே போனாலும் சாந்தமானவர், கேள்விகள் கேட்டு அதை அளந்துவிடலாம் என்று எழுதிக்கொண்டேன். நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளும் கொடுத்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, டாக்டர் ஊசிப் பெட்டியோடு வருவதைப் போல அந்தத் தாளோடு வந்து இறங்கினேன்.

அப்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து காம்பிரா தள்ளி இருந்தவர். முறைக்கு எனக்கு மச்சான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவார், வருவார், குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவருடைய அப்பா அப்படியில்லை. அந்த வீட்டுச் சுவரில் தட்டு விழாத வாரம் கிடையாது. தட்டு விழுந்ததும் அந்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவாராம். அப்பனுக்கு நேர் எதிர் பிள்ளை என்று லயமே சொன்னது. அதற்கு மேல் இன்னொன்று: மேல்மலையில் தண்ணீர்த் தொட்டிக்குக் காவலாளாக அவரைப் போட்டிருந்தார்கள், கல்யாணம் முடிந்ததும் தொட்டிக்குப் பக்கத்தில் தனி வீடு. லயத்திலேயே பிறந்து லயத்திலேயே சாகிற எங்களுக்குத் தனி வீடு என்றால் வாயில் எச்சில் ஊறும்.

"நீ படிச்சவன். நீயே சொல்லு, ஆளு எப்பிடி?" என்றார் அப்பா.

தாளை எடுத்துக்கொண்டு மச்சானிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். 'கோபம் வந்தால் கை ஓங்குவேன்: அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை.' "ஒருக்காலும் இல்ல தம்பி." பொய்யே சொல்லவில்லை அவர். ஒரு கேள்வியில் மட்டும் நின்றார். 'தனியாக இருக்கும்போது நான் வேறு மாதிரி நடந்துகொள்வேன்.' அவர் யோசித்தார். லயத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"தனியா எங்க தம்பி இருந்திருக்கோம்?" என்றார்.

நானும் சிரித்துவிட்டு, 'ஒருபோதும் இல்லை' என்ற இடத்தில் அவருக்காக நானே கோடு போட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையின் மேல் ஆத்திரம் வருகிறது.

"தங்கமான குணம். கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்று அப்பாவிடம் சொன்னேன்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. அடுத்த விடுமுறையில் மேல்மலைக்கு ஏறினேன். யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி, தேயிலையும் முடிந்து, பனிமூட்டத்துக்குள் வீடு ஒன்றே ஒன்று நின்றது. தனிக் குழாய், தனி அடுப்படி. அக்கா பெருமையாக எல்லாவற்றையும் காட்டினாள். ஆனால் எதையுமே மெதுவாகச் சொன்னாள். லயத்தில் வாசலிலிருந்து கத்தினால் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கேட்கும் குரல் அவளுடையது. கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் யார்தான் போடவில்லை, குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஒற்றையடிப் பாதை வரை கூடவே வந்தாள்.

"தம்பி, அப்பாகிட்ட சொல்லி எங்களுக்கு லயத்துல ஒரு காம்பிரா கேட்டுத் தர முடியுமா? எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. தனி வீட்டை விட்டுவிட்டு எவளாவது லயத்துக்கு வருவாளா?

"பழகிரும்க்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம் தன்னிடமும் அக்கா ஏதோ முணுமுணுத்தாள் என்று அம்மா இழுத்தபோது, அப்பா முடித்துவைத்தார். "அந்த ஆளு அப்பிடிப்பட்டவரு இல்ல. இவன்தான் பரீச்ச வச்சே பாத்துட்டானே." என் தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது பாடம் அடுத்த தவணையில்தான் வந்தது. குணம் ஆளுக்குள் மட்டும் இல்லை என்றார் விரிவுரையாளர். ஆளும், அவர் செய்வதும், அவரைச் சுற்றி இருப்பதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பிள்ளைகள் பார்த்துப் படிக்கிறார்கள். செயலை மட்டுமல்ல, அந்தச் செயலுக்கு என்ன கிடைத்தது, எது அதை நிறுத்தியது என்பதையும் சேர்த்தே படிக்கிறார்கள். படித்தது உடனே வெளியே வர வேண்டியதில்லை. இடம் வாய்க்கும்வரை உள்ளேயே கிடக்கும். அவர் கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டுக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மச்சானுடைய அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சோற்றுக்கு உட்காருவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மூலையில் இருந்த பிள்ளை என்ன படித்திருக்கும்? அடிப்பது தப்பு என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டு விழுந்தால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் அங்கே பாடம். தனியா எங்க தம்பி இருந்திருக்கோம் என்று அவரே என்னிடம் கேட்டாரே.

பாதி வகுப்பில் எழுந்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நுவரெலியாவில் ராகலை பஸ் கிளம்பத் தாமதமானது. ஒவ்வொரு நிமிடமும் டிரைவரை மனத்துக்குள் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் நான்தான் என்று தெரிந்தும் திட்டினேன்.

பகல் ஒரு மணி இருக்கும். மேல்மலையில் மூட்டம் வாசல் வரை வந்து நின்றது. வெளியில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போனால், அக்கா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டே போய்த் தோளைத் தொட்டதும் சுருண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் என்று தெரிந்த பிறகுதான் முகத்தைத் திருப்பினாள். அவளுடைய இடது காது வீங்கியிருந்தது. அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் ஒட்டிக்கொண்ட இடத்தில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், சுவரில் காரை பெயர்ந்து உள்ளங்கை அளவுக்குக் கல் தெரிந்தது. பக்கத்தில் ஒரு விறகுக் கட்டை கிடந்தது. அவளாகவே தட்டியிருக்கிறாள். எத்தனை நாள் தட்டினால் அந்த அளவுக்குக் காரை பெயரும் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மானாப்புல்லும் சரிவும்தான்.

"வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?"

மச்சான் வாசலில் நின்றார். அதே சிரிப்பு, அதே குரல். எனக்கு உட்காரப் பலகையை எடுத்துப் போட்டார். அவரே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அக்காவுக்கும் ஒரு கோப்பை கொடுத்து, "சூடு, பாத்துக் குடி" என்றார். நடிக்கிறாரா என்று முகத்தையே பார்த்தேன். நடிக்கவில்லை. நான் இருந்தேன், அதனால் அவர் சாந்தமாக இருந்தார். எனக்கு அப்போது வந்த பயம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

"அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"சரிங்க தம்பி" என்றார். அவளுடைய தகரப்பெட்டியைத் தோளில் வைத்து ரோடு வரை கொண்டுவந்து கொடுத்தார். வழியில் பார்த்த சனங்களெல்லாம், இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று நின்று பார்த்தார்கள்.

லயத்தில் யாரும் நம்பவில்லை. அக்காவுக்குத்தான் பொறுமை போதாது என்றார்கள். அப்பா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து என் முன்னால் போட்டார். நான் அதை அடுப்பில் போட்டேன். அக்காவைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த ஒன்றையாவது செய்தேன். இரண்டொரு வருடத்தில், பிரஜாவுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு மச்சானும் கப்பல் ஏறிவிட்டார். அங்கே மறுபடி கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டோம். எந்த மாதிரி வீடு, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. ராகலைக்கு வெளியே, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தனி வீடு வாடகைக்கு எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைத் தங்கமான வாத்தியார் என்பார்கள். பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. அக்காவிடம்கூட ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வீடு பார்க்க வந்தாள். என் மனைவி கையைப் பிடித்து ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். அடுப்படிக்கு வந்ததும் அக்கா நின்றாள். விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். நல்ல காதைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியிடம்தான் கேட்டாள்.

"ஏம்மா, இந்தப் பக்கத்துல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல மதினி, வெறும் தோட்டம்தான்" என்றாள் என் மனைவி சந்தோஷமாக.

அக்கா தலையாட்டினாள். தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி அந்தச் சுவரோரம் வைத்துவிட்டு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் என்றாள்.