அக்கா கேட்ட சர்க்கரை

தேவதானத்தில் பிறந்து, ராஜபாளையத்தில் உழைத்து, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் போன அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, இந்த நினைவு மலரில் இதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வரவில்லை.

பள்ளியில் படிக்கும்போதே அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. "தினமும் ஊசி போடுற பிள்ளைய எவன் கட்டுவான்" என்று வீடு தேடி வந்து அழுதவர்கள் நீங்கள். அக்கா அழவில்லை, தனக்குத் தானே ஊசி போடப் பழகினார். பிறகு ஒரு கிளினிக்கில் சேர்ந்து, மில்லுக்குப் போகிறவர்களுக்கும் வயல் வேலைக்காரர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தார்.

"டாக்டர் எப்பவாவதுதான் பார்ப்பாரு. மத்த நாளெல்லாம் நீங்கதான் பாத்துக்கிடணும். ஊசி போட்டா செத்த நேரத்துல சாப்பிட்டுறணும், இல்லன்னா சுகர் ரொம்ப இறங்கிரும். வேர்த்துக் கை நடுங்குனா உடனே சர்க்கரைய அள்ளி வாயில போடுங்க" என்பார். கேட்காதவர்களை நன்றாகத் திட்டவும் செய்வார்.

விசேஷ வீடுகளில் அவரை நீங்கள் சும்மா விட்டதில்லை. "ஒரு லட்டுல என்ன ஆயிரப்போகுது" என்று இலையில் வைப்பீர்கள். வேண்டாம் என்றால் திமிர் என்பீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி மகள் கல்யாணம். இலை போட்டதைப் பார்த்துவிட்டு அக்கா ஊசி போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார். அந்நேரம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று பெண் வீட்டுக்காரர்களை எல்லாம் எழுப்பிவிட்டீர்கள். சம்பந்திக்குத்தானே முதல் பந்தி, நம் மரியாதை அப்படி. கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. சாமான் அறைக்குப் போய்ச் சித்தியிடம் சர்க்கரை கேட்டார்.

"ஊருக்கெல்லாம் இனிப்பு திங்காதன்னு சொல்லிட்டு, உனக்கு மட்டும் வேணுமாக்கும்? சுகர் ஏறியிருக்கும், பேசாம படு" என்றார் சித்தி.

சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தார்கள். வாசலில் வரவேற்பில் நின்ற என்னிடம், பந்தியெல்லாம் முடிந்த பிறகு பொறுமையாக வந்து, "உங்க அக்கா அசந்து தூங்குறா, எழுப்பிக் கூட்டிட்டுப் போ" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் அக்கா கண் திறக்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்து விதி என்றீர்கள். ஒரு கை சர்க்கரை கொடுத்திருந்தால் இந்த மலரே வேண்டியிருக்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு இருந்தவர்களும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களும் அக்காவிடம் ஊசி போடப் பழகியவர்கள்தாம். எங்கள் குடும்பத்தின் நன்றி அவர்களுக்கு மட்டும்.

சித்தி, உங்களுக்கும் இப்போது ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். கிளினிக்கில் அக்கா இருந்த இடத்தில் நான் இருக்கிறேன். அவருடைய பெரிய மனது எனக்குக் கிடையாது, உங்களை மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் வாருங்கள், சொல்லித்தருகிறேன். கற்றுக்கொள்ளாமல் நீங்கள் சாக அக்கா சம்மதிக்க மாட்டார்.