செல்லையாவுக்கு நான் சொன்ன ஹாஜர்

தகவல் இல்லாமல் தொடர்ந்து பள்ளிக்கு வராத மாணவனின் பெயரை, விதியில் சொன்ன நாட்கள் முடிந்ததும் வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். நீக்கியதைச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். அதன் அருகே தலைமையாசிரியர் சுருக்கொப்பம் இட வேண்டும். கல்வி அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். அதை முதன்முதலில் மீறியபோது எனக்கு ஒன்பது வயது.

கொரோனா ஓய்ந்து பள்ளிகள் திறந்த வாரத்தில், மகள் வயிற்றுப் பேத்தி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டபடி வீட்டுக்குள் வந்தாள். "தாத்தா, இன்னைக்கு ஒரு பேரக் கூப்பிட்டாக, ஒருத்தரும் எந்திரிக்கல. டீச்சரும் பேசாம அடுத்த பேருக்குப் போயிட்டாக" என்றாள். சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போய்விட்டாள். எனக்கு அன்று மதியத் தூக்கம் போயிற்று.

எங்கள் காலத்தில் வந்தது காலரா. பல நாடுகளைச் சுற்றிவிட்டுத்தான் அது போடிநாயக்கனூருக்கு வந்தது என்று பின்னால் படித்தேன். அப்போது அது எங்கள் தெருக்குழாயில் பிறந்ததாகவே நம்பினோம். பள்ளியை மூடினார்கள். மலைமேல் ஏலத்தோட்டங்களிலிருந்து வந்து ஊரில் தங்கிப் படித்த பிள்ளைகளை அவரவர் தகப்பன்மார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலை உச்சியில் போடிமெட்டில் சோதனைச் சாவடி போட்டார்கள். காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாதவர் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

அப்படி ஏறிப் போனவர்களில் ஒருவன் செல்லையா. மெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். அவன் எங்கள் தெருவில் அத்தை வீட்டில் தங்கி என்னோடு நாலாம் வகுப்பு படித்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே பலகை. முதல் வகுப்பை மலையாளப் பள்ளியில் படித்தவன். பெயர் கூப்பிட்டால் நாங்கள் எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்போம். அவன் மட்டும் மூக்கால் "ஹாஜர்" என்பான். வகுப்பே சிரிக்கும். "ஏ ஹாஜரு, சாயா குடிச்சியா?" என்று இடைவேளையில் சூழ்ந்துகொள்வார்கள். அவன் கோபப்படாமல், "குடிச்சேன், ஒனக்கும் வேணுமா?" என்பான். கேலி செய்ய வந்தவனுக்கு அதற்குமேல் சோலி இருக்காது. அவனிடம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, இன்றுவரை எனக்கு வராத வித்தை அது.

ஜீப்பு கிளம்பும்போது வெளியே எட்டிப் பார்த்து, "என் எடத்துல எவனையும் உக்கார விடாத. வெரசா வந்துருவேன்" என்றான்.

பள்ளி திறந்தது. ஒரேயடியாக அல்ல; அரசாங்கம் எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பித் தரும். முதலில் ஒரு கை தூரம் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். வாசலெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. வெளியே நெல்லிக்காயும் மாங்காய்ப் பத்தையும் விற்றவர்களைக் காணோம். எச்சில் தொட்டுச் சிலேட்டை அழிக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் அறிவித்தார். எங்கள் பள்ளியில் மிக அதிகமாக மீறப்பட்ட உத்தரவு அதுவாகத்தான் இருக்கும். பிறகு மதியச் சோறு திரும்பி வந்தது. பலகைகள் மறுபடி ஒட்டிக்கொண்டன. மாங்காய்ப் பத்தையும் வந்துவிட்டது. ஒரு நாள் தலைமையாசிரியரே விரலில் எச்சில் தொட்டுப் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினார். அத்துடன் காலரா முறைப்படி முடிவுக்கு வந்தது.

செல்லையா மட்டும் வரவில்லை.

பலகையில் அவன் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டேன். அவன் அத்தையிடம் தினமும் போய் நின்றேன். "மேல காய் எடுக்குற நேரம் அப்பு. சீட்டும் இல்லாம எப்பிடி எறங்குவான்?" என்றார். சீட்டைப் பற்றிச் சொன்னது எனக்கு விளங்கியது. காய் எடுப்பைப் பற்றி ஏன் சொன்னார் என்று விளங்கவில்லை. ஏலக்காய் பறிக்கச் சின்னக் கைகளும் வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பில் மேரி என்றொருத்தி இருந்தாள். மலைச்சரக்குக் கடைக்காரர் மகள். அவளுக்குத் தெரியாத சட்டம் கிடையாது. "இப்பிடியே வராம இருந்தா பேர அடிச்சிருவாக. எங்க சித்தப்பா மகனுக்கு அடிச்சாக. பெறகு அவன் வந்தாலும் சேத்துக்கிட மாட்டாக" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் எங்கள் வகுப்பு சார் "செல்லையா" என்றதும், என் வாயிலிருந்து, மூக்கொலி உட்பட, "ஹாஜர்" என்று வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சார் நிமிரவில்லை. பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். தேவைக்கு அதிகமாகவே தோய்த்தார். பிறகு வருகைக்கான கோட்டை இழுத்தார்.

எங்கள் சாருக்கு விதிதான் வேதம் என்று ஊரே சொல்லும். தீப்பெட்டி இரவல் கொடுத்தாலும் கையெழுத்து வாங்குவார் என்பார்கள். அப்படிப்பட்டவரை ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நான் நாள்தோறும் இரண்டு பேராகப் பள்ளிக்குப் போய்வந்தேன்.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். செல்லையாவின் பெயர் போய்விடுமே என்று அரற்றினேனாம். நாலாம் நாள் பள்ளிக்குப் போய், சார் வெளியே போன சமயம் பார்த்துப் பதிவேட்டைத் திறந்தேன். எனக்கு மூன்று நாளும் ஆப்சென்ட். செல்லையாவுக்கு மூன்று நாளும் வருகை. நியாயமாக நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் தவிர அவனுக்கு இன்னொரு சிநேகிதம் இருக்கிறது!

மேரியைப் பிடித்தேன். "நான் இல்லாதப்ப அவனுக்கு ஹாஜர் சொன்னது நீதான?"

"எனக்கு வேற சோலி இல்லையாக்கும்! ஒருத்தரும் சொல்லல. சாரு அவன் பேரக் கூப்பிடவே இல்ல."

"பொய்யி."

"மாதா சத்தியமா."

சத்தியம் செய்தவளின் சடையைப் பிடித்து இழுத்தேன். மாலைவரை முட்டி போட்டேன். கூப்பிடாத பெயருக்கு வருகை எப்படி விழுந்தது என்று யோசிக்கும் அறிவு, அந்த முட்டி வலியில் எனக்கு வரவில்லை.

பொங்கல் முடிந்து ஆய்வாளர் வந்தார். பதிவேட்டில் இருக்கும் வருகையும் வகுப்பில் இருக்கும் தலைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவருடைய வேலைகளில் முதலாவது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, சார் நின்றபடி பெயர் வாசித்தார்.

"செல்லையா."

ஒரு நாள் வராததால் எந்த மாணவனின் பெயரும் போய்விடாது. நாட்கள் அன்றிலிருந்துதான் எண்ணப்படும். இதை நான் பிற்காலத்தில் எத்தனையோ ஆசிரியர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அன்று எனக்கு விளக்க ஆளில்லை. வாயை மூடினால் பெயர் போய்விடும் என்று நினைத்து, "ஹாஜர்" என்றேன்.

"யாருப்பா அது ஹாஜரு? எந்திரி" என்றார் ஆய்வாளர். எழுந்தேன்.

"எந்த ஊரு?"

"மெட்டுக்கு மேல சார். ஏலத்தோட்டம்."

"மலையாளத்துக்காரனா?"

"இல்ல சார். சாயா மட்டுந்தான் குடிப்பேன்."

ஆய்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "காலரா ஊசி போட்டாச்சா?" என்றார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். அது அம்மை குத்திய தழும்பு. அவர் அதையே ஏற்றுக்கொண்டு உட்காரச் சொன்னார்.

அடுத்த பெயர் என்னுடையது. வாயைத் திறந்தேன். ஒரே பையன் இரண்டு முறை எழுந்து நிற்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சார் என் பெயரை வாசித்தார். கொஞ்சமும் தயங்காமல், "இவன் வரல" என்று தாமே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். தலைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆய்வாளர் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். "சாரு எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாரு."

"நீ எங்கடா போயிருந்த?" என்றார் அப்பா.

"எங்கயும் போகல. அங்கனதான் உக்காந்திருந்தேன்."

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனார். சாருக்கு என்மேல் ஏதோ தீராத கோபம் என்று முடிவுகட்டி, ஒரு வாரம் நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் இருக்கும்போது செல்லையாவின் அப்பா பள்ளி வராந்தாவில் வந்து நின்றார். கையில் ஊசிச் சீட்டு. அப்போதெல்லாம் சின்ன வகுப்புகளில் தேர்ச்சிக்கு வருகை நாட்களைத்தான் பெரிதாகப் பார்ப்பார்கள். நாலாம் வகுப்பு தேறியதாக மாற்றுச் சான்றிதழ் எழுதி, மை காயும்வரை ஊதி, சார் அதை அவரிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் வகுப்பிலிருந்து ஓடினேன்.

"மாமா, செல்லையா எங்க? எப்ப வர்றான்?"

"தோட்டத்துக்குப் பக்கத்துலயே அஞ்சாப்பு தொறந்துருக்காக அப்பு. காய் எடுப்பும் முடிஞ்சிருச்சு, இனிப் படிக்கட்டும். இம்புட்டுத் தூரம் எதுக்கு எறங்கி வரணும்?" என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டு, மெட்டுக்குப் போகும் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

"நான் எடம் போட்டு வச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை சார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். அந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. நான் "ஹாஜர்" என்றேன். பல மாதம் கழித்து வகுப்பு மறுபடி சிரித்தது. அந்த ஆண்டிலேயே முதன்முறையாக, பெயர் வாசிக்கும்போது சார் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"போதும்யா. உக்காரு" என்றார்.

அடிக்காமல் விட்டாரே என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் குரல் ஏன் அப்படித் தாழ்ந்துபோயிற்று என்று புரியவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பலகை திடீரென்று நீளமாகிவிட்டது போல் இருந்தது.

கல்வி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், அழிக்க வேண்டிய பழைய கோப்புகளைப் பட்டியல் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவனுக்கு எப்போதும் அந்தத் தூசிதான். அதில் எங்கள் பள்ளியின் மெல்லிய கோப்பு ஒன்று இருந்தது. உள்ளே சாரின் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம். நோய்த்தடுப்பு நடவடிக்கையால் மலையிலிருந்து இறங்கிவர இயலாத மாணவன் செல்லையாவின் பெயரை நீக்காதிருக்க அனுமதி வேண்டும், பெயர் நீங்கினால் அவன் வேறெந்தப் பள்ளியிலும் அடுத்த வகுப்பில் சேர முடியாமல் போகும் என்று எழுதியிருந்தார். பள்ளி திறந்த அதே வாரத்தில் எழுதியது. நான் முதல் ஹாஜர் சொல்வதற்கு முன்பே. அதன் கீழே, பதில் வராததால் எழுதிய நினைவூட்டுக் கடிதங்கள் மூன்று.

நான் அந்தப் பெயரைக் காத்தது அவன் திரும்பி வருவதற்காக. சார் காத்தது அவன் போகுமிடத்தில் படிப்பதற்காக. இது தெரியாமல் ஓர் ஆண்டு முழுவதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

கோப்பின் கடைசித் தாள் அலுவலகத்தின் பதில். கோரிக்கை ஏற்கப்படுகிறது, மறு உத்தரவு வரும்வரை மேற்படி மாணவனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டியதில்லை என்றது அது. மறு உத்தரவு எதுவும் கோப்பில் இல்லை. அந்தக் கோப்பை நான் அழிக்கவும் இல்லை. பதிலைப் பெற்றுக்கொண்டதற்கு சார் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு அதன் ஓரத்தில் குத்தியிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பில், வேறு யாரோ ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டு; செல்லையாவின் சான்றிதழ் மலையேறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தேதி, ஆகஸ்டு பத்தொன்பது.